ஏழு வீட்டு அரிசி

செப்டம்பர் 17, புதன்

இன்று புரட்டாசி பிறந்தது. நடைபயிற்சிக்குப் போகும் வழியில் கோழிக்கடைக்காரர் கடையைக் கழுவிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு மாதத்துக்கு அவருக்கு ஓய்வு. எனக்குத்தான் வருஷம் முழுக்க ஓய்வு.

பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. நான் இந்த அடுக்ககத்துக்குக் குடிவந்த எட்டு மாதத்தில் கூரியர்காரர் அல்லாத ஒருவர் மணியடித்தது இதுதான் முதல் தடவை. சங்கச் செயலாளர் கிருபாகரன். மில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசும்போது நம் தோளைத் தாண்டி வீட்டுக்குள் பார்ப்பார்.

“சார், நீங்க இங்கிலீஷ் வாத்தியாருன்னு சொன்னாங்க. கேட்டுல ஒரு போர்டு வெக்கணுமுங். போன புரட்டாசிக்கு நாமம் போட்டுட்டு எவனோ ஒருத்தன் உள்ள பூந்து, ஒவ்வொரு வாசலா நின்னு கோவிந்தா கோவிந்தான்னு கத்திட்டானுங். ஒரே கம்ப்ளெய்ன்ட்டு. பெக்கர்ஸ்னு எழுதினா அசிங்கமா இருக்குமுங். கொஞ்சம் டீசன்ட்டா ஒரு வார்த்தை சொல்லுங்.”

கேட்டாரே, அது போதாதா? காபி போட்டு உட்காரவைத்துவிட்டேன். பெக்கர் என்பது பொதுச்சொல், கேட்பதற்கு மொட்டையாக இருக்கும். பேன்ஹேண்ட்லர் அமெரிக்காக்காரன் சொல், நடுத்தெருவில் ஆளை மறித்துக் கை நீட்டுகிறவன். ஆம்ஸ்மேன், தர்மம் வாங்கிப் பிழைக்கிறவன், பழைய சொல், இன்று யாரும் புழங்குவதில்லை. மெண்டிகன்ட் என்றால் விரதமாகவோ மதக் கடமையாகவோ பிச்சை எடுக்கிறவர். பிட்சு, சந்நியாசி, ஐரோப்பாவில் சில துறவிகள், எல்லாரும் இதில் அடக்கம். லத்தீன் வேர்ச்சொல்லுக்குக் ‘குறை’ என்று பொருள். குறை உள்ளவன் கேட்கிறான், அவ்வளவுதான்.

கிருபாகரன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தக் கடைசி வார்த்தை நல்லாருக்குதுங். எழுதிக் குடுத்துருங்” என்றார். ‘மெண்டிகன்ட்ஸ் அண்ட் ஹாக்கர்ஸ் நாட் பெர்மிட்டட்’ என்று எழுதிக் கொடுத்தேன். அரைமணி நேரம் ஒரு ஆளிடம் தொடர்ந்து பேசியிருக்கிறேன். தொண்டை லேசாகக் கட்டிக்கொண்டது.

செப்டம்பர் 18, வியாழன்

போர்டு வந்துவிட்டது. பச்சை நிறம், வெள்ளை எழுத்து. எழுத்துப்பிழை இல்லை. போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் நின்று படித்தேன்.

மேல்வீட்டில் 402-இல் இருமல். விடியவிடிய. நடுவில் நாற்காலியை வேறு தரதரவென்று இழுக்கிறார்கள். போன மாதமே கிருபாகரனிடம் புகார் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

மகள் பாமா பேசினாள். டப்ளினில் மழையாம். ஐந்து மாதம் முடிந்துவிட்டது. குழந்தை நன்றாக இருக்கிறது, ஆனால் அவளை அதிகம் நடக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதற்கு முன் இரண்டு தடவை இதே கட்டம் வரை வந்து, குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றி நானும் அவளும் பேசிக்கொள்வதில்லை.

“அப்பா, அம்மா எனக்காக ஒண்ணு வேண்டிக்கிட்டிருந்தாங்க, தெரியுமா?” என்றாள்.

தெரியாது. கனகவல்லி எல்லாச் சாமியிடமும் என்னைக் கேட்காமலேயே கணக்கு வைத்திருந்தவள். ஐந்து மாதம் தாண்டினால் புரட்டாசிச் சனிக்கிழமையில் ஏழு வீட்டில் பிச்சை எடுத்து, அந்த அரிசியில் பெருமாளுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டுதலாம். கனகவல்லி போய் இரண்டு வருஷம் ஆகிறது. பாமா விமானம் ஏற முடியாது. மீதி யார்?

“நாமம் போட்டுக்கணும். சொம்புக்கும் போடணும். செருப்பு கூடாது. சொந்தக்காரங்க வீடு கூடாது. வாசல்ல நின்னு, கோவிந்தா, பிச்சை போடுங்கம்மான்னு வாயைத் திறந்து கேக்கணும்ப்பா. அம்மா அப்படித்தான் சொன்னாங்க.”

“ஏழு கிலோ அரிசியைக் கோயில்ல குடுத்துடறேன். அன்னதானத்துக்கு ஆகும்” என்றேன்.

“உங்களுக்கு நம்பிக்கை இல்லேன்னு தெரியும். எனக்கு பயமா இருக்குப்பா” என்றாள்.

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

செப்டம்பர் 20, முதல் சனி

பரணில் அட்டைப்பெட்டிக்குள் கனகவல்லியின் பித்தளைச் சொம்பு இருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. முழங்கால் வலி. போகவில்லை.

பாமாவிடம், “அடுத்த வாரம், நாள் இருக்கே” என்றேன். முழங்காலைப் பற்றி விசாரித்தாள். எந்த முழங்கால் என்று கேட்டதும் சட்டென்று நினைவு வராமல் இடது என்றேன்.

உண்மையை இங்கேயாவது எழுதிவைக்கலாம். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கொஞ்சம் நகரச்சொல்லிக்கூடக் கேட்டதில்லை. கனகவல்லி கேட்பாள். பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை, எதிர்வீட்டில் தயிருக்கு உறை, முன்பின் தெரியாதவர்களிடம் பேனா. கேட்டுக் கேட்டே தெருவையே சொந்தம் ஆக்கிவைத்திருந்தாள். அவள் போனதும் தெருவும் போய்விட்டது. வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. வடை பாயசத்துடன் இலை போட்டு பால்கனிச் சுவரில் வைத்தேன். இரண்டு மணி வரை காக்கா வரவில்லை. மூன்றாம் மாடிக்கு அதற்கும் அலுப்பு போல. நானே சாப்பிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

வாட்ச்மேன் சின்னச்சாமி போர்டைக் காட்டி, “என்னங் சார் போட்டிருக்குது?” என்றார். பிச்சை கேட்டும் சாமான் விற்கவும் வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை என்று சொன்னேன்.

“அட, இதானுங்களா? நான் என்னமோ கரண்ட்டு ஆபீசு சமாச்சாரமாக்கும்னு இருந்தனுங். எப்படியும் எவன் வந்தாலும் நான் உள்ள உடப்போறதில்லீங் சார்.”

“உள்ளேயே இருக்கறவங்க கேட்டா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். “உள்ள இருக்கறவங்களுக்கு என்னங் சார் குறை?”

செப்டம்பர் 27, இரண்டாம் சனி

இந்தக் கட்டடத்தில் வேண்டாம், தெரியாத இடமாகப் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். சொம்பைத் துணிப்பையில் போட்டு, பேண்ட் சட்டையோடு, செருப்போடு, இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு குடியிருப்புக்குப் போனேன். தனித்தனி வீடுகள், உயரமான கேட்டுகள்.

முதல் வீட்டில் நாய். இரண்டாம் வீட்டில் கேமரா. பட்டனை அழுத்தினேன். உள்ளேயிருந்து பெண்குரல், “யாருங்க?” என்றது. நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், ஒரு வேண்டுதல் விஷயமாக, என்று ஆரம்பித்தேன். “டொனேஷன் எல்லாம் அவரு இருக்கறப்ப வாங்க” என்று பொட்டென்று நின்றுவிட்டது. மூன்றாம் வீட்டு வாசலில் ஒரு அம்மாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல முகம். இவரிடம் கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன். நிமிர்ந்து பார்த்து, “என்னங் வேணும்?” என்றார்.

“சத்தி ரோடு பஸ் ஸ்டாப் எந்தப் பக்கமுங்க?” என்றேன்.

கையால் காட்டினார். அந்தப் பக்கமே நடந்து வந்துவிட்டேன்.

வழியில் அரிசி மண்டியில் நின்றேன். ஒரு கணம், ஏழு வகையில் நூறு நூறு கிராம் வாங்கிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. பாமாவின் குரல் ஞாபகத்துக்கு வந்தது. பாமாவை ஏமாற்ற முடியும். அப்புறம் ஏதாவது ஆனால் நான் எங்கே போய் நிற்பேன்? நம்பிக்கை இல்லாதவன் இப்படி யோசிக்கக்கூடாது, தெரியும். யோசித்தேன்.

இரவு மேலே நாற்காலி சத்தம் அதிகம். நிறையப் பேர் நடக்கிற சத்தம். பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

யாரிடமும் பேசவில்லை. பால் பாக்கெட்காரர் ஹாரன் அடித்தார். அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அகராதிகளை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். கனகவல்லியின் தையல் மிஷினுக்கும் வைத்தேன். பொரிகடலை வாங்கியதில் முக்கால்வாசி மிச்சம்.

அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் காலையிலிருந்து வாழ்த்து மழை. நான் இந்தக் குழுவைப் படிப்பதில்லை. பூப்படம், பொன்மொழி, தண்ணீர் லாரி. நாளுக்கு ஒருமுறை திறந்து வரிசையாக எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மூடிவிடுவேன். மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று, வேலையும் முடிந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

மேல்வீட்டில் நாலைந்து நாளாக இருமல் இல்லை. நாற்காலியும் அசையவில்லை. ஆள் ஊருக்குப் போயிருப்பார்கள், அல்லது கிருபாகரன் ஒருவழியாகச் சொல்லிவிட்டார். அருமையான தூக்கம்.

அக்டோபர் 4, மூன்றாம் சனி

நான்கு வீடு ஆயிற்று.

நேற்று நன்றாகத் தூங்கியதில் ஒரு தைரியம். இந்தக் கட்டடத்திலேயே ஆரம்பித்தேன். நாமம் போடவில்லை. செருப்பு போட்டுக்கொண்டேன். சொம்பு பைக்குள்.

முதலில் கீழ்த்தளத்தில் டெய்சி அம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவராம். கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்து, “என்ன சார், மூச்சு வாங்குதா? உக்காருங்க” என்றார். உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, தென்னிந்தியாவில் புரட்டாசி மாதத்தின் பண்பாட்டு முக்கியத்துவம் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். “அரிசி வேணுமா சார்? அதைச் சொல்றதுக்கு என்ன?” என்று உள்ளே போய்ப் பொன்னி அரிசி கொண்டுவந்தார்.

இரண்டாம் மாடியில் குஜராத்தித் தம்பதி. அவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்கு அது சுலபம், கை நீட்டுவதுபோலவே தோன்றாது. அந்தப் பெண் பாஸ்மதி அரிசியோடு ஒரு கட்டி வெல்லமும் போட்டு, குனிந்து என் காலைத் தொட்டாள். செருப்போடு நின்றிருந்தேன். பின்னால் நகர்ந்ததில் அவர்களுடைய துளசித்தொட்டியை இடித்துவிட்டேன்.

அதே மாடியில் காதில் இயர்ஃபோன் மாட்டிய பெண் ஒருத்தி. “அங்கிள், பிரவுன் ரைஸ்தான் இருக்கு, பரவால்லியா?” என்றாள். சாமி டயட்டில் இருந்தால் நல்லதுதானே என்றேன். சிரித்தாள். யாரோ என் பேச்சுக்குச் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது.

நான்காவது என் எதிர்வீடு. தினமும் லிஃப்டில் பார்க்கிற மனிதர், பெயர் தெரியாது. நான் பேசப்பேச அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, “சார், பென்ஷன் ஏதும் நின்னு போச்சுங்களா? கூச்சப்படாம சொல்லுங். மாசச் சாமான் நான் வாங்கிப் போட்டுடறனுங்” என்றார். காது வரை சூடு ஏறிவிட்டது. இல்லை, இது வேண்டுதல் என்று மறுபடியும் ஆரம்பித்தேன். அவர் நம்பவில்லை. ஒரு படி அரிசியை அப்படியே கொட்டினார். சொம்பு நிரம்பி வழிந்தது. வீட்டுக்கு வந்து பாதியை டப்பாவில் கொட்டி வைத்தேன்.

பாமாவிடம் சொன்னபோது சந்தோஷப்பட்டாள். “நாமம் போட்டீங்களா?” ம் என்றேன். “செருப்பில்லாம?” ம். “பிச்சைன்னு வாயால கேட்டீங்களா?”

“எல்லாம் முறைப்படிதான் நடக்குது” என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. என் பொய் தெரிந்தும் கேட்காமல் விடுவது அவள் அம்மாவின் பழக்கம்.

அக்டோபர் 5, ஞாயிறு

கிருபாகரன் போன் செய்தார். குழுவில் யாரோ, நம் பிளாக்குக்குள்ளேயே ஒருவர் வீடு வீடாகப் பிச்சை எடுக்கிறார், செக்யூரிட்டி என்ன செய்கிறார்கள் என்று போட்டிருக்கிறார்களாம். “நீங்கதானாமுங் சார். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுங். வார்த்தை குடுத்ததே நீங்கதானுங்களே” என்றார்.

ஆமாம் என்றேன். சின்னச்சாமியை யாரும் திட்டிவிட வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். பிறகு வெகுநேரம் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். இனிமேல் முடியாது. மூன்று வீடு மிச்சம், ஒரே ஒரு சனிக்கிழமை.

அக்டோபர் 8, புதன்

பாமா காலையிலேயே அழைத்தாள். அங்கே விடிந்துகூட இருக்காது. முந்தாநாள் லேசாக ரத்தம் பட்டதாம். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது. முழு ஓய்வு. மாப்பிள்ளை லீவு போட்டிருக்கிறார்.

“நான் வரட்டுமா?” என்று வாய் வரை வந்தது. அதையும் கேட்கவில்லை. போய் என்ன செய்வேன், அவர்களுக்கு இன்னொரு ஆளைப் பார்த்துக்கொள்கிற வேலைதான்.

“சனிக்கிழமை முடிச்சிடுவீங்கதானே?” என்றாள். சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்போது கேட்பாளே, பஸ் வந்துடும்தானேப்பா என்று, அதே குரல்.

முடிச்சிடுவேன் என்றேன். போனை வைத்த பிறகு அழுதேன். எழுதுவதில் என்ன வெட்கம், யார் படிக்கப்போகிறார்கள்? பயமாக இருக்கிறது. தனியாக இருக்கிறேன், தனியாகப் பயப்படுகிறேன்.

அக்டோபர் 11, கடைசிச் சனி

காலையில் குளித்து வேஷ்டி கட்டினேன். கண்ணாடி முன்னால் நின்று நாமம் போட்டேன். கோணலாக வந்தது. அழித்து மறுபடி போட்டேன். அதுவும் கோணல்தான். சொம்புக்குப் போட்டது நேராக இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன். மொசைக் தரை ஜில்லென்று ஏறியது.

ஐந்தாவதாக நேராகக் கிருபாகரன் வீட்டுக்கே போனேன். திட்டினால் முதலிலேயே திட்டு வாங்கிவிடலாம். அவர் கதவைத் திறந்து, என் நெற்றியையும் வெறுங்காலையும் பார்த்தார். கோவிந்தா என்றேன். மீதி வரவில்லை. சொம்பை மட்டும் நீட்டினேன். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, “அடடா, நில்லுங் சார், வெறுங்கையோட அனுப்பக்கூடாது” என்று சமையலறைக்கு ஓடினார். “எங்கப்பாவும் போவாருங், சின்ன வயசுல நானும் கூடவே போயிருக்கனுங்” என்று கிருபாகரன் தரையைப் பார்த்துச் சொன்னார். முதல் தடவையாக அவர் பார்வை என் தோளைத் தாண்டவில்லை.

ஆறாவது, கல்லூரிப் பையன்கள் சேர்ந்திருக்கும் வீடு. நூடுல்ஸ் பாக்கெட்தான் கண்ணில் பட்டது. ஒருவன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை இழுத்தான். “எங்கம்மா தேனியிலருந்து குடுத்து விட்டது சார். சமைக்கவே இல்ல” என்று இரண்டு கையாலும் அள்ளிப் போட்டான். அங்கேயும் கோவிந்தா மட்டும்தான் சொன்னேன்.

ஏழாவதுக்கு 402. தேர்ந்தெடுத்துப் போகவில்லை. வேறு இரண்டு வீடு பூட்டியிருந்தது. புகார் சொன்னவன் போய் நின்றால் என்ன நினைப்பார்கள் என்ற உறுத்தலோடுதான் படியேறினேன். கோவிந்தா என்று குரல் கொடுத்தேன். இதற்குள் பழகி, குரல் கணீரென்று வந்தது.

ஒரு அம்மாள் கதவைத் திறந்தார். அறுபத்தைந்து இருக்கும். வாங்க என்று சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். உள்ளே மேஜையில் ஒரு படம், மாலை, எண்ணெய் விளக்கு. படத்தில் இருந்தவரை நான் ஒரே ஒருமுறை லிஃப்டில் பார்த்திருக்கிறேன்.

“எங்க வீட்ல இப்பக் குடுக்கக் கூடாதுங். பதினாறு ஆகலீங்” என்றார்.

என் கையிலிருந்த சொம்பு பின்னால் போனது. நான் இழுக்கவில்லை, கை தானாகப் போனது. முப்பது வருஷம் வகுப்பில் பகுத்தறிவு பேசிய கை. அதை அந்த அம்மாள் பார்த்தார்.

“எப்பங்க?” என்றேன்.

“ஆயுத பூஜை அன்னிக்குங். ரெண்டு மாசமா இருமலுங். அதுக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனமுங். படுக்க முடியாதுங் அவருக்கு. நாற்காலியிலயே உக்காந்து உக்காந்து, சன்னல் பக்கம் இழுத்துப் போடு, இந்தப் பக்கம் இழுத்துப் போடும்பாருங். ஆஸ்பத்திரியிலருந்தே மின்மயானத்துக்குக் கொண்டுபோயிட்டமுங். பையன் பூனாவிலிருந்து வந்து அஞ்சு நாள் இருந்துட்டுப் போனானுங். பதினாறுக்கு வருவான்.”

எனக்குத் தெரியாது என்றேன்.

“வாட்ஸப்புல போட்டாங்களாமுங். பையன் காட்டினான். எல்லாரும் கும்பிடு போட்டிருந்தாங்க. கீழ்வீட்டு சாரு, உங்க பேரும் இருந்துச்சுங்” என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நன்றி சொல்கிற குரல். “படியேறித்தான் யாரும் வரலீங். நீங்கதான் மொதல்ல வந்திருக்கறீங்.”

அவர் கணவர் மூச்சுக்குத் திணறிய இரவில் நான் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர் போன பிறகு அருமையான தூக்கம் என்று எழுதியிருக்கிறேன்.

“எதுக்குங் பிச்சை எடுக்கறீங்?” என்றார்.

பாமாவைப் பற்றிச் சொன்னேன். பண்பாடு, வழக்கம் ஒன்றும் பேசவில்லை. இரண்டு தடவை போனதையும், இந்த வாரம் ரத்தம் பட்டதையும், எனக்குப் பயமாக இருப்பதையும் சொன்னேன்.

“அய்யோ, அப்ப எங்க வீட்டுது வேண்டவே வேண்டாமுங். தீட்டுங். புள்ளைக்கு ஒண்ணுன்னா நான் தாங்கமாட்டனுங். மேல அஞ்சாவது மாடியில கேளுங், நல்லவங்க” என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்தினார். போயிட்டு வாங்க என்று துக்க வீட்டில் சொல்லமாட்டார்கள். அவரும் சொல்லவில்லை.

ஐந்தாவது மாடிக்குப் படி அங்கேயே இருக்கிறது. ஏறினேன். நான்கைந்து படி ஏறியிருப்பேன். ஒரே ஒரு வீடு, ஒரு கைப்பிடி, வேண்டுதல் முடிந்தது. பாமாவுக்கும் நல்லது. யாரும் தப்பு சொல்லமாட்டார்கள், அந்த அம்மாளே சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் அங்கேயே நின்றுவிட்டேன். பத்து நாளாக அந்தக் கதவு திறந்து யாருக்காவது ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுத்திருக்குமா? கொடுக்கக்கூடாத வீடு, யாரும் வராத வீடு. கனகவல்லி காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிப் போன அன்று நான் நடுக்கூடத்தில் நின்றது ஞாபகம் வந்தது. அன்று யாராவது வந்து கொஞ்சம் சர்க்கரை கேட்டிருந்தால்கூடப் போதும், நான் பிழைத்திருப்பேன்.

இறங்கி வந்து மணியடித்தேன்.

“கோவிந்தா. பிச்சை போடுங்கம்மா” என்றேன்.

அந்த வார்த்தை இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாது.

அவர் என்னையும் சொம்பையும் மாறிமாறிப் பார்த்தார். “பொண்ணுக்கு...” என்றார். “அவளுக்குத்தாம்மா கேக்கறேன், போடுங்க” என்றேன். உள்ளே போனவர் வர வெகுநேரம் ஆனது. முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு கையும் குவித்து அரிசி. சொம்பில் போடும்போது கொஞ்சம் வாசலில் சிதறியது. இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். அவர் பெயர் மனோன்மணி. கணவர் பெயர் தெய்வசிகாமணி. ரயில்வேயில் இருந்தவர்.

வீட்டுக்கு வந்ததும் தைரியம் எல்லாம் வடிந்துவிட்டது. போன வாரத்து அரிசியும் அதிலேயே கலந்திருக்கிறது. பொன்னி, பாஸ்மதி, பழுப்பு, தேனி அரிசி. அதற்குள் அவருடையது எது என்று இனிமேல் பிரிக்க முடியாது. என் பெண்ணின் வயிற்றில் இருப்பதை வைத்து நான் பரோபகாரம் செய்துவிட்டேனோ? சமையல் மேடையில் சொம்பை வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சொல்லாமல் இருந்துவிடலாம். நாமம், செருப்பு எல்லாவற்றுக்கும் ம் சொன்னவன், இதற்கும் ஒரு ம்.

பாமாவே அழைத்தாள். “ஏழும் ஆச்சாப்பா?”

ஆச்சு என்றேன். அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். போன வாரம் செருப்போடு போனது, பிச்சை என்ற சொல்லை ஆறு வீட்டிலும் விழுங்கியது, ஏழாவது துக்க வீடு, தீட்டு, தெரிந்தே வாங்கினேன், அரிசி கலந்துவிட்டது, இன்னும் பொழுது இருக்கிறது, நீ சொன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஏழு வீடு ஏறுகிறேன், உன் காலில் விழுகிறேன் என்கிற மாதிரி ஏதோ சொன்னேன்.

அந்தப் பக்கம் மழை பெய்வது கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

“அப்பா” என்றாள்.

“சொல்லும்மா.”

“அந்தம்மா சாப்பிட்டாங்களா?”

“தெரியலையே. கேக்கலை.”

“போய்க் கேளுங்கப்பா” என்றாள். “பொங்கலைப் பெருமாளுக்கு வெச்சிடுங்க. இனிப்பு அவங்க சாப்பிடமாட்டாங்க. அதே அரிசியில கொஞ்சம் சோறு வடிச்சு எடுத்துட்டுப் போங்க. தனியா அனுப்பிடாதீங்க, கூட உக்காருங்க.” கொஞ்சம் நிறுத்தி, “அப்புறம், அடுத்த மாசம் இங்க வர்றீங்களா? எனக்குப் பயமா இருக்கு. உங்ககிட்ட இதைக் கேக்கவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு” என்றாள்.

என் பெண்தான். சந்தேகமே இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பாமாவுக்கு இன்று ரத்தம் இல்லை. பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன், காலாவதி ஆகவில்லை.

நேற்று பெருமாளுக்குப் பொங்கல் வைத்தாயிற்று. ஏழு வீட்டு அரிசியில் சோறு ஒன்று குழைந்தும் ஒன்று விறைத்தும் இருந்தது. மிளகு ரசம் வைத்து எடுத்துப்போனேன். மனோன்மணி அம்மாள் முதலில் பசியில்லை என்றார். நான் தட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து அவரும் உட்கார்ந்தார். ரசத்தில் உப்பு தூக்கல் என்றார். அப்படிச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க என்று தட்டை நீட்டிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.